கார் சாவி தொலைந்துவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாவி தொலைந்தால் எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் அலைய வேண்டும் என்பதெல்லாம் உங்களிடம் இன்னொரு சாவி இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான். இருந்தால் சின்ன வேலை. இல்லாவிட்டால் கார் நின்ற இடத்தை விட்டு நகராது; அதை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், கம்பெனியிலிருந்து புதுச் சாவி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் கையில் ஒரே ஒரு சாவியோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், அதுவும் தொலைவதற்கு முன்னால் இதைப் படித்தால் நல்லது. இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் ஓடும் சாதாரண பெட்ரோல், டீசல் கார்களை மனதில் வைத்துத்தான்.

சாவியைக் காணோம். முதலில் என்ன செய்வது?

கடைசியாக எங்கே கையில் வைத்திருந்தீர்கள் என்று பின்னோக்கி யோசியுங்கள். கல்யாண மண்டபம், கோயில் செருப்பு வைக்கும் இடம், ஓட்டல் மேசை, பெட்ரோல் பங்க், ஏ.டி.எம். பெட்டி, இவைதான் கார் சாவி அதிகம் விட்டுப்போகும் இடங்கள். திரும்பிப் போய்க் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் காவலாளியோ கல்லாவில் இருப்பவரோ எடுத்து வைத்திருப்பார்.

தேடும்போது காரைத் தனியாக விட்டுவிடாதீர்கள். ரிமோட் சாவியை எடுத்தவர் வாகன நிறுத்தத்தில் நின்று பட்டனை அழுத்தினால் போதும், எந்தக் கார் என்று அதுவே விளக்கைச் சிமிட்டிக் காட்டிவிடும். கூட வந்தவர் ஒருவரைக் கார் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். வீட்டுச் சாவியும் அதே கொத்தில் இருந்தால் அதைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும். கார் சாவியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தை காருக்குள், சாவியும் உள்ளே. கதவு பூட்டிக்கொண்டது.

கண்ணாடியை உடையுங்கள். சாவிக்காரர் வரட்டும், ஸ்பேர் சாவி வரட்டும் என்று நிற்க வேண்டாம்.

வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் பத்து நிமிடத்திலேயே வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் போல ஏறிவிடும். குழந்தையின் உடல் பெரியவர்கள் உடலைவிட மிக வேகமாகச் சூடேறும். நிழலில் நின்றாலும் இந்த ஆபத்து போய்விடாது. ஒருவர் 112-க்குப் பேசட்டும், இன்னொருவர் கண்ணாடியைக் கவனிக்கட்டும். குழந்தை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்துக் கதவுக் கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள். பொதுவாகப் பக்கக் கண்ணாடி உடைந்தால் சின்னச் சின்னத் துண்டுகளாக உதிரும். முன் கண்ணாடியை உடைக்க முயல வேண்டாம். அது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, விரிசல் விடுமே தவிர வழி கிடைக்காது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியின் நடுவில் அடிக்காமல் மூலையில் கனமான, கூரான எதையாவது வைத்து அடியுங்கள். கதவுக் கண்ணாடியை இன்னொன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

யாரும் உள்ளே இல்லை, சாவி மட்டும் மாட்டிக்கொண்டது. இரும்பு ஸ்கேலை விட்டுத் திறக்கலாமா?

பழைய கார்களில் அது நடந்தது. இப்போதைய கார்களில் கதவுக்குள் பவர் விண்டோ ஒயர்களும், சிலவற்றில் பக்கவாட்டு ஏர்பேக் சம்பந்தப்பட்ட சென்சாரும் போகின்றன. பூட்டின் கம்பியையும் எளிதில் எட்டாதபடி மூடியிருப்பார்கள். ஸ்கேலால் குடைந்து ஒயரை அறுத்துக்கொண்டால் சாவிக்காரர் கூலியைவிடப் பல மடங்கு செலவு வரும். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் அவர்களைக் கூப்பிடுங்கள். சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் வந்து திறந்து தருவதும் பெரும்பாலான திட்டங்களில் உண்டு. இல்லையென்றால், கதவு இடுக்கில் செருகி ஊதும் காற்றுப் பையும் கம்பியும் வைத்துத் திறக்கத் தெரிந்த சாவிக்காரரை அழையுங்கள்.

இரண்டாவது சாவி ஊரில் இருக்கிறது. கார் சென்னையில் நிற்கிறது.

அப்படியானால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ராத்திரி கிளம்பும் ஆம்னி பஸ்ஸில் பார்சலாகப் போடச் சொன்னால் தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்தும் மறுநாள் காலையில் சாவி வந்துவிடும். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். பார்சலின் மேல் கார் நம்பரையோ, கார் நிற்கும் முகவரியையோ எழுத வேண்டாம். சாவியை அட்டைப் பெட்டியில் பஞ்சோ துணியோ வைத்துக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வழியெல்லாம் ரிமோட் பட்டன் அழுந்திக்கொண்டே வரும்.

வந்த சாவியில் காரை எடுத்ததும் விஷயம் முடிந்தது என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இப்போது உங்களிடம் இருப்பது கடைசிச் சாவி. அந்த வாரமே அடுத்ததைச் செய்யக் கொடுங்கள்.

சாவிக் கடையில் சில நூறு ரூபாய்க்கு வெட்டித் தருகிறார்கள். கார் கம்பெனி ஏன் ஆயிரக்கணக்கில் கேட்கிறது?

வெட்டித் தருவது இரும்பு மட்டும்தான். கதவைத் திறக்க அது போதும். இக்னிஷனிலும் நுழையும், திரும்பும். ஆனால் இன்ஜின் ஓடாது. ஒன்றிரண்டு நொடி ஓடி நின்றுவிடும், சில கார்களில் ஸ்டார்ட்டரே சுற்றாது.

காரணம் இம்மொபிலைசர். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி அளவுக்கோ அதைவிடச் சற்றுப் பெரியதாகவோ ஒரு சிப் இருக்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கும். சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு காந்த அலையை எழுப்பும். சிப்புக்கு மின்சாரம் அந்த அலையிலிருந்தே கிடைக்கும். கார் ஒரு எண்ணை அனுப்பும், சிப் தன்னிடம் உள்ள ரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால்தான் இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடும். இதெல்லாம் நீங்கள் சாவியைத் திருப்பும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

எனவே புதுச் சாவி என்றால் இரும்பை வெட்டுவது ஒரு வேலை, சிப்பைக் காருக்கு அறிமுகப்படுத்துவது இன்னொரு வேலை, ரிமோட் பட்டன்களைச் சேர்ப்பது மூன்றாவது வேலை. பணம் கடைசி இரண்டுக்குத்தான்.

சிலர் இதைக் கம்பெனிக்காரர்களின் வியாபாரத் தந்திரம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் இல்லாததால், கியாவும் ஹூண்டாயும் சில ஆண்டுகளில் அங்கே இம்மொபிலைசர் இல்லாத கார்களை நிறைய விற்றன. 2021-க்குப் பிறகு அந்தக் கார்களை எப்படிக் கிளப்புவது என்று வீடியோக்கள் பரவ, இளைஞர்கள் ஊர் ஊராகத் திருடித் தள்ளினார்கள். சாவிக்கு நாம் கொடுக்கும் கூடுதல் காசு அந்த நிலைமை நமக்கு வராமல் காக்கிறது.

என் கார் சாவி எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அம்பாசிடர், பழைய ஆம்னி காலத்துச் சாவி வெறும் இரும்பு. அதை எந்தச் சாவிக்காரரும் செய்துவிடுவார். தலையில் தடிமனான கருப்புப் பிளாஸ்டிக், பட்டன் எதுவும் இல்லை என்றால் உள்ளே பெரும்பாலும் சிப் இருக்கும். இக்னிஷனைப் போட்டதும் டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு எரிந்து அணைந்தால் இம்மொபிலைசர் இருப்பது உறுதி. மாருதிக்காரர்கள் இதையே ஐ-கேட்ஸ் என்று சொல்வார்கள்.

பட்டன் இருந்தால் ரிமோட் சாவி. இரும்புப் பகுதி மடங்கி உள்ளே போனால் ஃபிளிப் சாவி. பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார் என்றால் ஸ்மார்ட் சாவி. அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஓட்டலாம். ஸ்மார்ட் சாவியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தாழ் இருக்கும். அதைத் தள்ளி இழுத்தால் உள்ளிருந்து ஒரு இரும்புச் சாவி வெளியே வரும். அது அவசரத்துக்குக் கதவைத் திறக்க வைத்தது. இதைச் சொன்னதும் இத்தனை வருடம் தெரியாமல் போச்சே என்பவர்கள் நிறைய.

எவ்வளவு செலவாகும்?

வெறும் இரும்புச் சாவி சில நூறு ரூபாய். சிப் சாவியும் ரிமோட் சாவியும் சில ஆயிரம். ஸ்மார்ட் சாவி பல மாடல்களில் பத்தாயிரத்தைத் தாண்டும், வெளிநாட்டு ஆடம்பரக் கார் என்றால் அதற்கும் பல மடங்கு மேலே. இது ஒரு சாவியாவது கையில் இருக்கும்போது.

ஒன்றுகூட இல்லாதபோது இதன்மேல் மூன்று செலவு சேரும். வண்டியை ஏற்றிப் போகும் கூலி, பூட்டிலிருந்து சாவியின் அளவை எடுக்கும் கூலி, சில கார்களில் இம்மொபிலைசர் பெட்டியையோ பூட்டுத் தொகுதியையோ மாற்றும் செலவு. மூன்றாவதுதான் பெரிது. எழுத்தில் விலை கேட்டு வாங்குங்கள்: சாவி, கட்டிங், புரோகிராமிங், பழைய சாவியை நீக்குவது, ஒவ்வொன்றும் தனித்தனியாக.

சர்வீஸ் சென்டருக்குப் போவதா, வெளியே சாவிக்காரரிடம் போவதா?

கார் வாரண்டியில் இருந்தால், அல்லது ஸ்மார்ட் சாவி என்றால், சர்வீஸ் சென்டர். சேசிஸ் நம்பரை வைத்துக் கம்பெனியிலிருந்து உங்கள் காருக்கென்றே வெட்டிய சாவியை வரவழைப்பார்கள். சில நாள் முதல் சில வாரம்வரை ஆகலாம். பிறகு காரைக் கொண்டுபோனால்தான் புரோகிராம் செய்ய முடியும்.

வாரண்டி முடிந்த, பரவலாக ஓடும் மாடல் என்றால் வெளியே நல்ல சாவிக்காரரிடம் தாராளமாகப் போகலாம். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் ஸ்கேனரோடு வீட்டுக்கே வந்து ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் கருவியைச் செருகித்தான் வேலை நடக்கும். நல்ல சாவிக்காரரை அறிய எனக்குத் தெரிந்த சிறந்த வழி, அவர் உங்களிடம் ஆர்.சி. கேட்கிறாரா என்று பார்ப்பது. எதையும் கேட்காமல் வேலையைத் தொடங்குகிறவர், நாளை உங்கள் காருக்கு வேறு யார் சாவி கேட்டாலும் செய்து கொடுப்பார்.

காசு கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். டிரைவர் பக்கத்துக் கதவைச் சாவியால் பூட்டித் திறங்கள். டிக்கியைத் திறங்கள். ரிமோட்டின் ஒவ்வொரு பட்டனையும் அழுத்துங்கள். ஸ்டியரிங் பூட்டு விடுபடுகிறதா பாருங்கள். இன்ஜினை அணைத்து அணைத்துச் சில தடவை ஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம், மறக்காமல், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சாவியும் இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் புதுச் சாவியைச் சேர்க்கும்போது பழைய பட்டியல் முழுதும் அழிந்துவிடும். எல்லாச் சாவியையும் ஒரே நேரத்தில் திரும்பப் பதிய வேண்டும். இதனால் சாவி செய்யப் போகும்போது வீட்டில் இருக்கும் அத்தனை சாவியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

என்னென்ன ஆவணம் வேண்டும்? கார் அப்பா பெயரில் இருக்கிறது.

ஆர்.சி., உரிமையாளரின் அடையாள அட்டை. ஆர்.சி. காருக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தால் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ காட்டலாம்.

கார் அப்பா பெயரில் இருந்து அவர் வெளியூரில் இருந்தால், அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் கேட்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் பெயரில் கார், ஓட்டுவது பெற்றோர் என்ற வீடுகளில் இதில்தான் தாமதமாகிறது. கடிதத்தை இப்போதே வாங்கி வைத்துவிடலாம். உரிமையாளர் இறந்துபோய் ஆர்.சி.யை இன்னும் மாற்றாமல் வைத்திருந்தால் சாவி வேலை அதோடு நின்றுபோகக்கூடும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள்.

கம்பெனியிலிருந்து புதுக் கார் வரும்போது சாவிக் கொத்தில் எண் பொறித்த ஒரு சின்ன உலோகத் தகடோ அட்டையோ தொங்கும். அதைப் பலர் அலங்காரம் என்று நினைத்துச் சாவியோடேயே வைத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணை வைத்து, பூட்டைக் கழற்றாமலே சாவியின் இரும்பை வெட்டிவிடலாம். எனவே அதைக் கழற்றி வீட்டில் வையுங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தோடு தொலைந்தால் உங்களுக்கு உதவ வேண்டிய எண் சாவியை எடுத்தவருக்கு உதவும்.

புதுச் சாவி போட்டதும் தொலைந்த சாவி தானாகவே செயலிழந்துவிடுமா?

எல்லாக் கார்களிலும் அப்படி நடக்காது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

காரின் இம்மொபிலைசர் தனக்குத் தெரிந்த சாவிகளின் பட்டியலை நினைவில் வைத்திருக்கிறது. பல கார்களில் நான்கு சாவிவரை பதியலாம், சிலவற்றில் இன்னும் அதிகம். பழைய பட்டியலை அழிக்காத கார்களில் புதுச் சாவியைச் சேர்ப்பது பட்டியலில் ஒரு பெயரைக் கூட்டுவது மட்டும்தான். தொலைந்த சாவியை யாரும் நீக்காவிட்டால் அது இன்னும் உங்கள் காரை ஸ்டார்ட் செய்யும், நாளைக்கும், அடுத்த வருடமும். “பழைய சாவியை மெமரியிலிருந்து எடுத்துவிடுங்கள்” என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்பதை ஸ்கேனர் திரையில் காட்டச் சொல்லுங்கள். கையில் இரண்டு சாவி, திரையில் மூன்று என்றால் வேலை முடியவில்லை.

ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்பவர்களுக்கும் இது பொருந்தும். டிரைவர் வேலையை விட்டு நின்றபோது சாவியைத் திருப்பித் தரவில்லை, கேட்டால் தொலைந்துவிட்டது என்கிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் நீக்கிவிடுங்கள்.

மெமரியிலிருந்து நீக்கிவிட்டேன். பூட்டையும் மாற்ற வேண்டுமா?

நீக்கிய சாவி இன்ஜினைக் கிளப்பாது. ஆனால் அதன் இரும்பு இன்னும் கதவைத் திறக்கும். காருக்குள் இருப்பதை எடுத்துக்கொண்டு போக அது போதும்.

சாவி ஆற்றிலோ கடலிலோ விழுந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் பூட்டை மாற்ற வேண்டாம். யாரோ கையிலிருந்து பிடுங்கிப் போனார்கள், கைப்பையோடு திருடிவிட்டார்கள், அதில் உங்கள் முகவரியும் இருந்தது என்றால் நான் மாற்றத்தான் சொல்வேன். முழுத் தொகுதியும் வாங்காமல், சாவித் துளை உள்ள கதவுப் பூட்டின் உள்பகுதியை மட்டும் மாற்றவோ, அதனுள் இருக்கும் தகடுகளை வேறு வரிசையில் அடுக்கவோ முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பல கார்களில் வெளிப்புறச் சாவித் துளையே டிரைவர் கதவில் ஒன்றுதான் இருக்கும்.

“குளோன் சாவி” மலிவாக வருகிறதே?

குளோன் என்பது உங்களிடம் இருக்கும் சாவியின் சிப்பை அப்படியே நகலெடுப்பது. காருக்கு இரண்டும் ஒரே சாவிதான். ஓ.பி.டி. சாக்கெட்டைத் தொடவே வேண்டாம் என்பதால் மலிவு.

அவசரத்துக்கு ஒரு மாற்றுச் சாவி என்றால் தவறில்லை. அதன் சிக்கல் பிறகு தெரியும். நகல் தொலைந்தால் அதை மட்டும் தனியாக நீக்க முடியாது. நீக்கினால் அசலும் செத்துவிடும். முடிந்தால் தனி அடையாளம் உள்ள சாவியாகவே பதியச் சொல்லுங்கள்.

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய ரிமோட் வாங்கிப் பதியலாமா?

மேல்கூடு உடைந்தது, பட்டன் ரப்பர் கிழிந்தது என்றால் கூடு மட்டும் வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள், அது நல்ல சிக்கனம். உங்கள் பழைய சிப்பை மறக்காமல் புதுக் கூட்டுக்குள் வைக்க வேண்டும். ஆனால் வேறு காரில் ஓடிய சாவியை உங்கள் காருக்குப் பதிவது பல மாடல்களில் நடக்காது. சிப் ஒருமுறை ஒரு காரோடு பூட்டப்பட்டால் இன்னொன்றை ஏற்காது. வாங்குவதற்கு முன் உங்கள் சாவிக்காரரிடம் கேளுங்கள்.

போலீசில் புகார் கொடுக்க வேண்டுமா?

திருட்டு, வழிப்பறி என்றால் கட்டாயம். சும்மா தொலைந்தது என்றாலும் கொடுத்துவிடுவது நல்லது என்பேன். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். என்று, எங்கே, எந்த வண்டியின் சாவி தொலைந்தது என்பதற்கு அது சாட்சி. பின்னால் காரே திருடு போனாலோ, உங்கள் காரை யாராவது எடுத்துப் போய்த் தப்புக் காரியம் செய்தாலோ அந்தத் தாள் உங்களுக்குத் துணை நிற்கும். சாவியோடு லைசென்ஸ், ஆர்.சி.யும் போயிருந்தால் அவற்றுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை பதிந்து எடுக்கலாம்.

இன்சூரன்ஸில் பணம் கிடைக்குமா?

தேர்ட் பார்ட்டி பாலிசியில் கிடைக்காது. சாதாரண முழுப் பாலிசியிலும் சாவி தொலைவது சேராது. சாவிக்கென்று தனியாக ஒரு கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் கிடைக்கும், பெரும்பாலும் ஒரு உச்சவரம்போடு. பூட்டு மாற்றும் செலவையும் சில நிறுவனங்கள் தரும். பாலிசித் தாளில் கூடுதல் பிரீமியம் பட்டியலைப் பாருங்கள், ஷோரூமில் முதல் வருடம் போட்டுக் கொடுத்த பாலிசியில் நீங்கள் கவனிக்காமலே அது இருக்கக்கூடும். வேலையை முடித்துவிட்டு பில்லோடு போகாமல், தொலைந்ததும் முதலில் நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

கூடுதல் பாதுகாப்பு இல்லாதவர்களும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். கார் திருடுபோய் கிளெய்ம் கேட்டால் அவர்கள் இரண்டு சாவியையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், இன்னொன்றை வண்டியிலேயே விட்டீர்களா, யாரிடமாவது கொடுத்தீர்களா என்று கேள்வி மேல் கேள்வி வரும், கிளெய்ம் இழுக்கும், மறுக்கவும்படலாம். தொலைந்த வாரத்திலேயே அனுப்பிய மின்னஞ்சல், சி.எஸ்.ஆர். ரசீது, புதுச் சாவியின் பில், பழையதை நீக்கியதற்கு ஒரு வரி எழுத்து: இந்த நான்கும் ஒரு கவரில் இருந்தால் அந்தக் கேள்விகளுக்குப் பதில் தயார். லட்சக்கணக்கில் மதிப்புள்ள கிளெய்மை ஒரு மின்னஞ்சல் காப்பாற்றும் என்றால் அதை அனுப்பாமல் இருக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு சாவியும் இல்லை. காரை எப்படி எடுத்துப் போவது?

காரை அப்படியே மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் வண்டி கேளுங்கள். கயிறு கட்டி இழுக்க முடியாது, ஸ்டியரிங் பூட்டியிருக்கும், சக்கரம் திரும்பாது. ஆட்டோமேட்டிக் கார் பி (பார்க்கிங்) கியரில் நின்றால், இன்ஜின் சுழற்றும் சக்கரங்களும் (பெரும்பாலான கார்களில் முன் சக்கரங்கள்) உருளாது. எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள காராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்கள் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் உருளைகளைக் கொண்டுவருவார்கள். அடித்தள வாகன நிறுத்தம் என்றால் உயரத்தையும் சொல்லுங்கள். இதற்கெல்லாம் யோசித்தால், சாவிக்காரரை அங்கேயே வரவழைப்பது பல நேரம் மேல்.

கார் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் இம்மொபிலைசர் மறந்துவிடும் என்கிறார்களே?

மறக்காது. சாவிப் பட்டியல் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. உங்கள் ரேடியோ அமைப்புகள்தான் போகும்.

சாவி இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை. மாற்றத்தான் வேண்டுமா?

முதலில் பேட்டரி. பெரும்பாலான ரிமோட்டுகளில் சி.ஆர். 2032 என்ற வட்டமான 3 வோல்ட் பேட்டரி இருக்கும், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். எந்த எண் என்று பழைய பேட்டரியின் மேலேயே அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். தூரம் குறைந்துகொண்டே வந்து, கதவுப் பக்கத்தில் போனால்தான் திறக்கிறது என்றால் பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம்.

ஸ்மார்ட் சாவியின் பேட்டரி நடுவழியில் தீர்ந்துவிட்டால் பதற வேண்டாம். உள்ளிருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறங்கள், அலாரம் அடித்தால் அடிக்கட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டினாற்போல் வைத்து அழுத்துங்கள். முன்பு சொன்ன சிப் பேட்டரி இல்லாமல் பதில் சொல்லும், கார் கிளம்பிவிடும். சில மாடல்களில் அந்த இடம் கப் ஹோல்டரிலோ ஸ்டியரிங் பக்கத்திலோ இருக்கும். காரோடு வந்த புத்தகத்தில் அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது இன்று படித்துவிடுங்கள்.

தண்ணீரில் விழுந்ததா? பேட்டரியை உடனே கழற்றுங்கள். குற்றாலம், காவிரி போன்ற நல்ல தண்ணீர் என்றால் துடைத்துக் காற்றில் நன்றாகக் காயவிட்டுப் புது பேட்டரி போட்டுப் பாருங்கள். மெரினா மாதிரி உப்புத் தண்ணீர் என்றால் முதலில் நல்ல தண்ணீரில் அலசி, பிறகு காயவிட வேண்டும். உப்பு தங்கினால் போர்டை அரித்துவிடும். ரிமோட் செத்தாலும் சிப் பெரும்பாலும் பிழைத்துவிடும். பட்டன் அழுந்தாவிட்டாலும் வண்டி ஓடும்.

இக்னிஷனுக்குள் சாவி உடைந்துவிட்டால் பசை ஊற்றி ஒட்டி எடுக்கப் பார்க்காதீர்கள். துண்டோடு சேர்ந்து பூட்டும் போய்விடும்.

பழைய கார் வாங்குகிறேன். விற்பவர் ஒரு சாவிதான் தருகிறார்.

இரண்டாவது எங்கே என்று கேளுங்கள். தொலைந்தது என்றால் அதற்கு ஆதாரம் கேளுங்கள். எந்தப் பதில் வந்தாலும் புதுச் சாவி ஒன்றின் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். வண்டி கைக்கு வந்த வாரமே எல்லாச் சாவிகளையும் நீக்கி, உங்களிடம் இருப்பதை மட்டும் திரும்பப் பதிந்துவிடுங்கள். இரண்டு சாவி கொடுத்தாலும் இதைச் செய்யலாம். முந்தைய உரிமையாளர், அவர் டிரைவர், இடையில் இருந்த புரோக்கர், யாரிடம் மூன்றாவது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஒரு கார் சாவியைக் கண்டெடுத்தேன். வாட்ஸ்ஆப் குழுவில் படம் போட்டால் உரியவருக்குப் போய்ச் சேருமா?

சாவியின் இரும்புப் பகுதி தெரியும்படி படம் போடாதீர்கள். வெட்டுகள் தெளிவாகத் தெரிந்தால் தேர்ந்த கை அதைப் பார்த்தே இன்னொன்றை வெட்டிவிடும். எண் பொறித்த தகடு தொங்கினால் அதையும் மறையுங்கள். “இந்த இடத்தில், இந்த நேரத்தில் ஒரு கார் சாவி கிடைத்தது” என்று எழுதினால் போதும். கார் மாடலையும் கொத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதையும் கேட்டு வருகிறவர் சொல்லட்டும், சரியாகச் சொன்னவரிடம் காரை ஒருமுறை திறந்து காட்டச் சொல்லிக் கொடுங்கள். மண்டபம், கடைவளாகம் என்றால் அங்குள்ள அலுவலகத்தில் பெயர் எழுதிக் கொடுத்துவிடலாம். சாலையில் கிடைத்தது என்றால் பக்கத்துக் காவல் நிலையம்.